சொல்லிட்டுப் போங்க

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சியில் நாங்கள் பெரிய ஆபீஸ் என்று சொல்லும் அந்தக் கட்டடத்துக்கு வந்துபோன யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காவலுக்கு நிற்பவர்களுக்கு அவர் அக்கா. அவர்களை வேலைக்கு வைத்த கம்பெனிக்கு சூப்பர்வைசர். மனு கொடுக்க வரும் சனங்களுக்கு 'கேட்டாண்ட இருக்கற அம்மா'. எனக்கு சூப்பர்வைசரம்மா. இதில் எது அவருக்குப் பிடித்திருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "இன்னா ரைட்டரே, இன்னிக்கி இன்னும் போணி ஆவலியா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

நான் அந்த கேட்டுக்கு எதிரே, புங்கமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறவன். எனக்குக் கையெழுத்து நல்லது, வாய் கெட்டது. இரண்டும் ஊருக்குத் தெரியும். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன் மலை என்று எல்லாத் திசையிலிருந்தும் சனங்கள் பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள். எனக்கு அன்றுதான் தீபாவளி. அவருக்கு அன்று தண்ணீர் குடிக்க நேரமிருக்காது.

அரசாங்கக் கட்டடங்களுக்கு இப்போது காவலெல்லாம் கான்ட்ராக்ட்தான். எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி ஆள் பிடித்து அனுப்பும். அந்த ஆட்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, சங்கராபுரத்தில் ஒரு ஆபீஸ், மலைமேல் கரியாலூரில் ஒரு விருந்தினர் மாளிகை என்று அவருடைய ராஜ்ஜியம் பரந்து கிடந்தது. ஸ்டாண்டு உடைந்த மொபெட் ஒன்றில் சுற்றிவருவார். போகிற இடமெல்லாம் அதைச் சாய்த்துவைக்க ஒரு சுவரையோ மரத்தையோ தேடுவார். என் புங்கமரத்தில் அதன் கைப்பிடி உரசி உரசி ஒரு வடுவே விழுந்துவிட்டது. புடவைமேல் கம்பெனி சட்டை போட்டிருப்பார். தொப்பியை அவர் தலையில் நான் பார்த்ததில்லை. தலையில் கனகாம்பரம் இருக்கும், தொப்பி வைத்தால் நசுங்கிவிடும். அதனால் தொப்பி இடுப்பில் இருக்கும்.

கம்பெனிக்கு ஏகப்பட்ட சட்டம். உட்காரக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, சட்டையை வெளியே விடக் கூடாது. அவருக்கு ஒரே சட்டம்தான். யாராக இருந்தாலும் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஷிப்டு முடிந்து கிளம்புகிற காவலாளி, அவர் பக்கத்தில் இருந்தால் நேரில் வந்து, இல்லாவிட்டால் போனில், "போயிட்டு வரேங்க்கா" என்று சொன்னால்தான் அவருக்கு ஷிப்டு முடிந்ததாகக் கணக்கு. புதிதாக வந்தவர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள்.

"அதான் கையெழுத்துப் போட்டுட்டனேக்கா. அப்பறம் இன்னாத்துக்கு?"

"கையெழுத்து கம்பெனிக்கு. எனக்கு வாயால சொல்லிட்டுப் போ."

நைனார்பாளையத்துக் காவலாளி ஒருவர் ஒருநாள் சொல்லாமல் போய்விட்டார். பெண் பார்க்கப் போகிற வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை, போனையும் அணைத்துவிட்டார். இவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நைனார்பாளையத்துக்கே போய்விட்டார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்துப் பெண் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். உள்ளே கேசரி, பஜ்ஜி எல்லாம் தட்டில் வந்துகொண்டிருக்கிறது. வாசலில் யூனிஃபார்ம் சட்டை. போலீஸ்தான் வந்துவிட்டது என்று பெண்ணின் அப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தாராம்.

"மாப்ள மேல எதுனா கேசுங்களா?"

"கேசெல்லாம் ஒண்ணுமில்லீங்க. டூட்டி முடிஞ்சி சொல்லாம வந்துட்டாரு. ஆளு நல்லாருக்காரான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மாப்பிள்ளைக்கு அவமானத்தில் காது சிவந்துபோனது. ஆனால் அந்த இடமே நிச்சயமானது. ஒரு சாயங்காலம் ஆளைக் காணோம் என்றால் தேடிக்கொண்டு வர வெளியே ஒருவர் இருக்கிறார் என்பது பெண்ணைப் பெற்றவருக்குப் பிடித்துவிட்டதாம். கல்யாணத்தில் சூப்பர்வைசரம்மா பெண் வீட்டார் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்காவது அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தாரே என்று நான் சொல்லிக் காட்டினேன்.

ஏன் இப்படி என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். புருஷன் சொல்லாமல் போனவர் என்றார் ஒருவர். பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர் என்றார் இன்னொருவர். ஒருநாள் டீ குடிக்கும்போது நானே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல ரைட்டரே. உள்ள போனவங்க வெளிய வந்துட்டாங்களா இல்லியான்னு தெரியலன்னா எனக்கு சோறு எறங்காது. அவ்ளோதான்." டம்ளரைச் சுற்றிக்கொண்டே மேலே சொன்னார். "காவல்னா இன்னான்னு நெனைக்கறீங்க? வெளிய இருக்கறவன உள்ள வுடாம கொலைக்கறத நாயே செய்யும். உள்ள போனவங்க நல்லபடியா வெளிய வந்தாங்களான்னு பாக்கணும். அதுக்குத்தான் ஆளு."

திங்கட்கிழமைகளில் கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எதற்கு என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மனு கொடுத்துக் கொடுத்து மனம் விட்டுப்போனவர்கள் சில சமயம் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். உயிரை விட்டால்தான் நம் பேச்சு காதில் விழும் என்று அந்த நேரத்தில் அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. அப்படி யாராவது அகப்பட்டால் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அவர்கள் கேஸ் போடுவார்கள்.

சூப்பர்வைசரம்மா ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், செக்குக்காரரிடம் நல்லெண்ணெய் வாங்குகிறவர் மாதிரி. தண்ணீர் என்றால் மூடிக் கொடுத்து, "உள்ள போங்க, வரும்போது சொல்லிட்டுப் போங்க" என்பார். வேறு எதுவாவது என்றாலும் அவர் முகம் மாறாது.

"இத்த எதுக்குத் தூக்கிக்கினு அலையறீங்க? எங்கிட்ட குடுங்க, நான் வெச்சிருக்கேன். போவும்போது சொல்லிட்டு வாங்கிக்கினு போங்க."

கோயில் வாசலில் செருப்பை வாங்கி வைக்கிற மாதிரிதான் சொல்வார். அப்போது எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிடிப்பார்கள், இழுப்பார்கள், கத்தலாம் என்று வந்தவருக்கு, ஒரு அம்மா கை நீட்டிப் பையைக் கேட்டால் என்ன செய்வது என்று தெரியாது. கொடுத்துவிட்டு அப்படியே நிற்பார். அவரை என் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்து, "ரைட்டரே, இவருக்கு நல்லா அழுத்தமா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குப் போய்விடுவார். அவர் இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. உள்ளே போனவரும் பேசாமல் வெளியே போய்விட முடியாது. சாமான் இவரிடம் இருக்கிறதே. வாங்க வருவார்கள். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்பார். சொல்லிச் சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். கேட்டு முடித்துவிட்டு, காலிசெய்து கழுவி வைத்த பாட்டிலைக் கையில் கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுவார்.

பெரியவர் ஒருவர் சண்டைக்கே நின்றார். "உள்ள இருந்தது எங்கம்மா?"

"வெயிலு ஜாஸ்தி இல்லீங்களா. ஆவியாப் போயிருக்கும். வேண்ணா எம்மேல மனு குடுங்க, ரைட்டரு எழுதித் தருவாரு."

பெரியவர் சிரித்துவிட்டார். காலையில் அவர் வந்து இறங்கிய முகத்தை நான் பார்த்திருந்தேன். அந்தச் சிரிப்பை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதெல்லாம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று நான் பலமுறை எச்சரித்திருக்கிறேன். "கேசு போட்டா அவுரு வூட்டுக்கு எப்பப் போறது ரைட்டரே?" என்பார்.

கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்த மலைக்காரர் ஒருவரும் அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் ஒரு சின்ன வெள்ளை கேன் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. அது ஏற்கெனவே சூப்பர்வைசரம்மாவின் கைக்குப் போய்விட்டது. மலைக்காரருடைய வயலுக்குப் போகிற வழியை அண்ணன் வேலி போட்டு மறித்துவிட்டார். பிடுங்கி எடுத்துவர வழியில்லாமல் மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. எழுத உட்கார்ந்தால், அண்ணன் பேரை எழுத வேண்டாம் என்றார்.

"பேரு இல்லாம எப்பிடி மனு குடுக்கறது? 'யாரோ ஒருத்தர் வேலி போட்டாரு'ன்னா யாரப் போயி கேப்பாங்க?"

"அப்ப எழுதுங்க. ஆனா திட்டி எழுதாதீங்க. எங்கண்ணன்தான் என்னத் தூக்கி வளத்துது."

திட்டாமல் எழுதினேன். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கேட்டில் சூப்பர்வைசரம்மா, "போவும்போது சொல்லிட்டுப் போங்க, கேன் எங்கிட்டதான் இருக்குது" என்று சொன்னதும், அவர் தலையாட்டியதும் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அன்று வெளியூர் அதிகாரிகள் ஏதோ கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். வரிசையாகக் கார்கள், முன் கேட்டில் ஒரு போலீஸ் ஜீப். கார்கள் போய்வர வசதியாக, திங்கட்கிழமைகளில் மூடியே இருக்கும் பின் கேட்டைத் திறந்துவிட்டார்கள். திறந்துவிட்டதும் சூப்பர்வைசரம்மாதான். மதியத்துக்கு மேல் சனங்களும் அந்த வழியாகவே கலைந்துபோனார்கள். கேட்டைப் பூட்டுகிற நேரத்தில் காவலாளிகள் அறையைத் திறந்து பார்த்தால் அந்த வெள்ளை கேன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அவர் ரோட்டைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தார். "ரைட்டரே, மலைக்காரரு வெளிய வந்தாரா? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. கட்டடம் முழுக்கத் தேடினார்கள். வராந்தா, மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் சூப்பர்வைசரம்மா கரியாலூருக்குப் போய், அங்கிருந்து நடந்து அந்த ஊரைக் கண்டுபிடித்தார். மலைக்காரர் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. வழியில் யாரும் பார்க்கவும் இல்லை. அவருடைய சம்சாரத்திடம் கேன் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு வந்தார். மறைத்திருக்கலாம்.

ஆளைக் காணவில்லை என்று போலீசில் எழுதிக்கொடுக்க அந்தப் பெண் மலையிலிருந்து இறங்கி வந்தார். எழுதிக்கொடுத்துவிட்டு நேராக கேட்டுக்கு வந்தார். மெலிந்த உடம்பு. குரல் மட்டும் ரோடு முழுக்கக் கேட்டது.

"கிருஷ்ணாயிலோட வந்த மனுசன இன்னாத்துக்கு உள்ள வுட்ட? போலீசுல புடிச்சிக் குடுத்திருந்தா ஜெயில்லயாவது உசுரோட இருந்திருப்பாரே! சொல்லிட்டுப் போ, சொல்லிட்டுப் போன்னியே, சொல்லிட்டா போனாரு?"

சனங்கள் கூடிவிட்டார்கள். சூப்பர்வைசரம்மா இடுப்பிலிருந்த தொப்பியை எடுத்து இரண்டு கையாலும் பிழிந்துகொண்டே நின்றார். அந்தப் பெண் அழுது ஓய்ந்து தரையில் உட்கார்ந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் தட்டிவிட்டார்.

விஷயம் கம்பெனிக்குப் போய்விட்டது. கார் போட்டுக்கொண்டு ஒரு மேனேஜர் வந்து இறங்கினார். கேனில் என்ன இருந்தது என்று தெரியாது, தண்ணீர் என்று நினைத்தேன் என்று சொல்லிவிடுங்கள், நானும் சாட்சி சொல்கிறேன் என்று சூப்பர்வைசரம்மாவின் காதில் ஓதினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு எப்பிடி ரைட்டரே தெரியாம போவும்? மோந்து பாத்தேன் இல்ல?"

அங்கேயே, அப்போதே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். சட்டையைக் கழற்றி மடித்து, மேலே தொப்பியை வைத்துக் கொடுத்தார். காவலாளிகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. நான்தான் மேனேஜரிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். காதில் வாங்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். சூப்பர்வைசரம்மா உடனே கிளம்பவில்லை. அடுத்த ஷிப்டு ஆட்கள் வரும்வரை வெயிலில் காத்திருந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார். கடைசியில் என் மேசைக்கு வந்தார். கையில் அந்த வெள்ளை கேன்.

"இது எங்கிட்ட குடுத்தது. கம்பெனி சாமான் இல்ல. போயிட்டு வரேன் ரைட்டரே."

அடுத்த திங்கட்கிழமை சாதாரணப் புடவையில் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார். உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பையில் அந்த கேன் இருக்கும். "வருவாரு. சாமான் எங்கிட்ட இருக்குது இல்ல" என்பார். ஒவ்வொரு வாரமும் அதைக் கழுவுவார். சாம்பல் போட்டுக் கழுவினார், புளி போட்டுக் கழுவினார், எலுமிச்சைத் தோலை உள்ளே போட்டுக் குலுக்கினார். என் மேசைக்குப் பக்கத்தில் வெயிலில் கவிழ்த்துவைத்துவிட்டு, போகும்போது எடுத்து மோந்து பார்ப்பார். "இன்னும் இருக்குது." கழுவிய கேனை வைத்துக்கொண்டு அந்தம்மா சுற்றுவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு மனு எழுத மாட்டேன் என்று துரத்திவிட்டிருக்கிறேன்.

இடையில் ஒருமுறை மலைக்குப் போய்வந்தார். அந்தப் பெண் இவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "அவுரு வரவே இல்லன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

கேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "புடிச்சிக் குடுத்திருந்தா உசுரோட இருப்பாருன்னு அந்தம்மா சொன்னுச்சே. அது மெய்யா பொய்யான்னு எனக்குத் தெரியணும். நான் எத்தினி பேர அப்பிடி வுட்டிருக்கேன். எல்லாம் தப்பா? அது தெரியாம நான் கண்ண மூட முடியாது ரைட்டரே."

ஊரில் எல்லாரும் அந்த ஆள் எங்கோ செத்துக் கிடப்பார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சூப்பர்வைசரம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. காலில் புண் வந்து, ஆறாமல், மொபெட்டை விட்டு பஸ்ஸுக்கு மாறி, பிறகு அதுவும் முடியாமல் ஒரு திங்கட்கிழமை வராமலே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று நைனார்பாளையத்துக் காவலாளிதான் வந்து சொன்னார். அவருக்கு இப்போது அங்கேதான் டூட்டி. நான் போனபோது கேட்டில் எழுந்து நின்று, "அக்கா உங்களத்தான் கேட்டுக்கினே இருக்காங்க" என்றார்.

கட்டிலில் பாதியாகிப் போயிருந்தார். தலையில் பூ இல்லை. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "கேட்டாண்ட பாத்தீங்களா?" என்பதுதான். இல்லை என்று தலையாட்டினேன். தலைமாட்டிலிருந்து பையை எடுக்கச் சொன்னார்.

"உங்க மேசைக்குக் கீழ இருக்கட்டும். வந்தாருன்னா குடுத்துடுங்க. வூட்டுக்குப் போயிட்டாரான்னு மட்டும் கேளுங்க."

கார்த்திகையில் இறந்துபோனார். எல்லாக் கட்டடங்களிலிருந்தும் காவலாளிகள் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வந்த வழியே பேசாமல் போய்விட வேண்டும். போய் வருகிறேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். நைனார்பாளையத்துக்காரர் மாலையைப் போட்டுவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டு, பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "போயிட்டு வரேங்க்கா." சொந்தக்காரப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பதறிப்போனார்கள். பெரியவர் ஒருவர், "இன்னாய்யா பேசற?" என்று அதட்டினார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனால் பின்னால் வந்த காவலாளியும் அதையேதான் சொன்னார். அதற்குப் பின்னால் வந்தவரும் சொன்னார். அதட்டிய பெரியவர் ஒதுங்கி நின்றுகொண்டார். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. ஊரறிந்த வாய் அது.

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை. புதுக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

"இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, கேட்டாண்ட. அவுங்க எங்கங்க?"

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். அவரே மெதுவாகச் சொன்னார். அன்று மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது முன் கேட்டில் போலீஸ் ஜீப் நின்றதாம். அந்த அம்மா கேனைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று பயந்து, கூட்டத்தோடு பின் கேட்டு வழியாகப் போய், தெரிந்த ஆள் ஒருவரோடு கர்நாடகத்தில் காபித் தோட்ட வேலைக்குப் போய்விட்டாராம்.

"வூட்டுக்குக்கூட சொல்லலியாய்யா?"

"ஆடி மாசம் ஊருக்கு வந்த ஒருத்தருகிட்ட சொல்லி அனுப்புனேங்க. கேசு கீசு இருக்கும்னு பயந்துகினு அவ வெளிய சொல்லல."

ஆடி மாதம். அப்போது சூப்பர்வைசரம்மா இதே பெஞ்சில் உட்கார்ந்து புளி போட்டு கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் உயிரோடு இருப்பது மலைமேல் ஒரு வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே கீழே தெரியவில்லை. நடுவில் இருந்தது ஒரு பஸ் தூரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். யார்மேல் ஆத்திரப்படுவது? பயந்துபோன ஒரு பெண்மேலா?

"இப்ப கேசு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிது. நான் காணாம போனதும் எங்கண்ணனே வேலியப் பிரிச்சி வழிய வுட்டுடுச்சிங்க. இந்தத் தபா கெழங்கு நல்லா எறங்கியிருக்குது. அந்தம்மாகிட்ட சொல்லணும். அன்னிக்கி அவுங்க அத்த வாங்கி வெக்கலன்னா..."

அவர் இறந்துபோனதைச் சொன்னேன். வேலை போனதைச் சொல்லவில்லை. பிறகு குனிந்து மேசைக்குக் கீழேயிருந்து அந்த கேனை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"நாத்தமே இல்லீங்களே."

"அவுங்க கழுவி வெச்சது" என்றேன். "வூட்டுக்குப் போயிட்டீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

"போயிட்டேங்க" என்றார். அழுதுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கேனோடு ரோட்டைக் கடந்து கேட்டுக்குப் போனார். அங்கே நின்றது புது ஆள். அவருக்கு சூப்பர்வைசரம்மாவைத் தெரியாது. கேனை வாங்கித் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மனு குடுக்கணுமா? மனு எங்க?"

"மனு இல்லீங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."